மடித்த தாளில் இரண்டு படம்: மேல்மலை வகுப்பறையிலிருந்து கேள்வி பதில்

கொடைக்கானலைத் தாண்டி மேல்மலைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். ஒரு தாளை விசிறி போல மடித்து, இடப்பக்கம் நின்று பார்த்தால் ஒரு படமும் வலப்பக்கம் போனால் வேறு படமும் தெரியும்படி ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தார்கள். அதைக் குறுவள மையக் கூட்டத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேரும் கூட்டத்துக்கு, கொண்டுபோனதிலிருந்து ஆளுக்கொரு கேள்வியாக வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்களில் ஆசிரியர்கள்தான் அதிகம், சில பெற்றோரும் உண்டு.

ஒரே தாளில் இரண்டு படம் எப்படித் தெரிகிறது?

பூம்பாறைக்கு மேலே, வண்டியை நிறுத்தி எல்லோரும் போட்டோ எடுக்கும் வளைவில் நின்று கீழே பாருங்கள். படிப்படியாக இறங்கும் நிலம் முழுக்கப் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பச்சைப் பசேல் என்று தெரியும். அதே நிலத்தை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். பயிர் அவ்வளவாகக் கண்ணில் படாது, ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைகள்தான் தெரியும். ஒவ்வொரு படியிலும் மேல்நோக்கிய பரப்பு ஒன்று, முன்நோக்கிய பரப்பு ஒன்று என்று இரண்டு இருக்கிறது. நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒன்று தெரியும், மற்றது மறையும்.

தாளிலும் இதே கதைதான். மேடும் பள்ளமுமாக மடித்த தாளில் ஒன்றுவிட்டு ஒன்று என்று பாதிப் பட்டைகள் இடப்பக்கம் பார்த்திருக்கும், மீதி வலப்பக்கம் பார்த்திருக்கும். இடப்பக்கம் பார்த்த பட்டைகளில் எல்லாம் ஒரு படத்தின் துண்டுகளையும், வலப்பக்கம் பார்த்தவற்றில் இன்னொரு படத்தின் துண்டுகளையும் ஒட்டுகிறோம். ஒளி நேர்கோட்டில் செல்வதால் ஒரு பக்கம் நிற்பவர் கண்ணுக்கு மறுபக்கத்துப் பட்டைகள் விளிம்பாக ஒடுங்கிப்போகும். மிச்சமிருப்பதைக் கண் தானே கோத்து ஒரு முழுப் படமாகப் பார்த்துக்கொள்கிறது.

இதை நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கத் தொடங்கியபோது பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. பிறகு ஒரு பெண், "டீச்சர், எங்க பூண்டுக் காடு மாதிரியே இருக்கு" என்றாள். அதற்கப்புறம் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கீழ்மலையில் காப்பித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு உவமை தேட வேண்டியிருக்கலாம். பேருந்து நிலைய மாடிப்படியே போதும்.

என்னென்ன வேண்டும்? அளவு என்ன?

ஒரு பிள்ளைக்கு ஒரு ஏ4 தாள், ஸ்கேல், பென்சில், கத்தரிக்கோல், பசை, வண்ணம். எழுதாமல் போன பால்பாயின்ட் பேனா ஒன்று. அடியில் ஒட்ட ஏதாவது ஓர் அட்டை, பழைய தினசரி காலண்டரின் அட்டை போதும். அவ்வளவுதான்.

அளவை நான் இப்படி வைத்துக்கொள்கிறேன். ஏ4 தாள் 29.7 சென்டிமீட்டர் நீளம், 21 சென்டிமீட்டர் அகலம். அதை நீளவாக்கில் வைத்து, 24 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக இரண்டு பட்டைகள் வெட்ட வேண்டும். ஒன்றன்கீழ் ஒன்றாக 20 சென்டிமீட்டர் போக, 1 சென்டிமீட்டர் மிச்சம். ஒரு பட்டை அடித்தளம். இன்னொன்றை நடுவில் வெட்டினால் 12-க்கு 10 அளவில் இரண்டு படத்தாள்கள் கிடைக்கும். ஒரே தாளில் வேலை முடிந்தது. எங்கள் பள்ளியில் தாள் எண்ணித்தான் வரும், அதனால் இந்தக் கணக்கில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

படத்தாள் ஒவ்வொன்றையும் 2 சென்டிமீட்டர் அகலத்தில் 6 துண்டுகளாக வெட்ட வேண்டும். அடித்தளத்தையும் 2 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு 12 பட்டைகளாகப் பிரிக்க வேண்டும்.

பிள்ளைகளைக் கோடு போடச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். 12 பட்டைக்கு 12 கோடு என்று நினைத்துக்கொண்டு தாள் விளிம்பிலும் ஒரு கோடு போடுவார்கள். மடிப்பு 11தான். வேலிக்குக் கம்பம் நடும் கணக்கில் எப்போதும் தடுமாறும் அதே இடம். "விரல் எத்தனை, விரலிடுக்கு எத்தனை?" என்று கேட்டு விட்டுவிடுவேன்.

வெட்டிய துண்டுகளை எந்த வரிசையில் ஒட்டுவது?

முதலில் வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் எண் எழுத வேண்டும். இடப்பக்கம் தெரிய வேண்டிய படத்துக்கு இ1, இ2 என்று இ6 வரை. வலப்பக்கப் படத்துக்கு வ1 முதல் வ6 வரை. திருப்பிப் போடும்போது இடம் வலமாகிவிடும் என்பதால், பின்பக்கத்தில் வலது ஓரத்திலிருந்து 1 தொடங்கும். இந்த இடத்தில் பாதிப் பேர் சறுக்குவார்கள். முன்பக்கமே மூலையில் சின்னதாக எழுதிக்கொள்ளச் சொன்னாலும் தப்பில்லை, வண்ணத்தில் மறைந்துவிடும்.

அடித்தளத்தில் இடமிருந்து வலமாக இ1, வ1, இ2, வ2 என்று மாறி மாறி இ6, வ6 வரை ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்துப் பார்த்தால் ஒன்றுமே புரியாத கலவையாக இருக்கும். இருக்கட்டும். சில பிள்ளைகளுக்கு அந்த நிமிடத்தில் அழுகை வந்துவிடும், "கெட்டுப்போச்சு டீச்சர்" என்பார்கள். மடிக்கும் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

எண் எழுதாமல் வெட்டினால் என்ன ஆகும் என்பதை முதல் வருடமே பட்டுத் தெரிந்துகொண்டேன். 28 பிள்ளைகள், ஆளுக்கு 12 துண்டு, மொத்தம் 336. கதவைத் திறந்து யாரோ உள்ளே வந்தார்கள், காற்றும் கூடவே வந்தது. அன்றைக்கு மீதி நேரம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து "இந்த மரம் யாருது, இந்தக் கால் யாருது" என்று பொறுக்கினோம்.

மடிப்பை எப்படிப் போடுவது? எங்கள் பிள்ளைகளின் மடிப்பு கோணல்மாணலாக வருகிறது.

கையால் நேரடியாக மடிக்க விடாதீர்கள். கோட்டின்மேல் ஸ்கேலை வைத்து, எழுதாத பேனாவால் அழுத்தி ஒருமுறை இழுக்க வேண்டும். தாளில் ஒரு வாய்க்கால் விழும். அப்புறம் தாள் தானாகவே அந்த வழியில் மடியும். பத்திரிகை அடிக்கும் இடங்களில் கல்யாணப் பத்திரிகை அட்டையில் மடிப்புக்கோடு விழவைப்பதும் இதே வேலைதான்.

முதல் மடிப்பு மேடு, இரண்டாவது பள்ளம், மூன்றாவது மேடு. மலைப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சொல்லையும் விளக்க வேண்டியதில்லை. முதல் மடிப்பை மேடாக வைத்தால் முதல் பட்டை இடப்பக்கம் பார்த்துச் சரியும், அதனால் இ வரிசை இடப்பக்கம் நிற்பவருக்குத் தெரியும். தவறிப்போய் முதல் மடிப்பைப் பள்ளமாகப் போட்டுவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, இரண்டு படமும் பக்கம் மாறித் தெரியும், அவ்வளவுதான்.

தாளுக்கு நார்ப்போக்கு என்று ஒன்று உண்டு. செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழியும், மறுபக்கமாகக் கிழித்தால் வளைந்து வளைந்து போகும். நேராகக் கிழிவது நார் போகும் திசை. அந்தத் திசையில் போடும் மடிப்பு கூர்மையாக விழும், குறுக்கே போட்டால் அட்டை வெடித்து நிற்கும். மெல்லிய தாளுக்கு இதைப் பெரிதாகக் கண்டுகொள்ள வேண்டாம். காலண்டர் அட்டையை மடிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு மூலையை வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கமாக மடிப்பு வரட்டும்.

எவ்வளவு விரித்து வைக்க வேண்டும்? எங்கே நின்று பார்க்க வேண்டும்?

எல்லோரும் கோட்டைவிடும் இடம் இது. 24 சென்டிமீட்டர் தாளை அடி அட்டையில் சரியாக 17 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கும்படி ஒட்டுங்கள். அப்போது ஒவ்வொரு மேடும் செங்கோணமாக, அதாவது 90 பாகையாக நிற்கும். நேர் எதிரிலிருந்து 45 பாகை இடப்பக்கம் நகர்ந்தால் இ பட்டைகள் ஆறும் முகத்துக்கு நேராக வரும், வ பட்டைகள் வெறும் கோடாக ஒடுங்கிவிடும். ஆறு பட்டை, தலா 2 சென்டிமீட்டர், ஆக 12 சென்டிமீட்டர். பிள்ளை வரைந்த படம் அதே அகலத்தில், இடைவெளி இல்லாமல் கண்ணுக்குக் கிடைக்கும்.

இன்னும் அதிகமாக விரித்துவிட்டால் மறுபடத்தை மறைக்க ரொம்பத் தள்ளிச் சாய்வாக நிற்க வேண்டிவரும், படமும் நெருக்கிப் பிடித்ததுபோல ஒல்லியாகத் தெரியும். அதிகமாக நெருக்கி வைத்தால் ஒரு மேடு அடுத்த பட்டையின் ஓரத்தை மறைக்கும்.

17 எப்படி வந்தது என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். பிதாகரஸ்தான். 2 சென்டிமீட்டர் பக்கங்கள் இரண்டு செங்கோணத்தில் சேர்ந்தால் கர்ணம் 2.83 வரும். அப்படி ஆறு மேடு, பெருக்கினால் ஏறத்தாழ 17. அவனே பெருக்கிப் பார்த்துவிட்டு, "அப்ப 3 சென்டிமீட்டர் பட்டைன்னா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு ஓரத்தில் இன்னொரு படம் எட்டிப் பார்க்கிறதே?

பக்கத்தில் நின்றால் இடது ஓரத்துப் பட்டையையும் வலது ஓரத்துப் பட்டையையும் வேறு வேறு கோணத்தில் பார்க்கிறோம். ஒரு ஓரத்தில் சரியாக இருப்பது மறு ஓரத்தில் கசியும். இரண்டு மூன்று அடி தள்ளி நில்லுங்கள். போனில் படம் எடுப்பதற்கும் இதே பதில்தான்: தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் வைத்து எடுங்கள். அதைவிட, போனைக் கையில் பிடித்தபடி இடமிருந்து வலமாக நடந்து வீடியோ எடுப்பது நல்லது. படம் மாறுகிற அந்தக் கணம் போட்டோவில் வராது.

என்ன படம் வரையலாம்?

நுணுக்கமான படம் எடுபடாது. 2 சென்டிமீட்டர் துண்டாகப் போகிற படத்தில் கண்ணிமை வரைந்து பயனில்லை. பெரிய உருவம், அழுத்தமான வண்ணம், பின்னணியையும் விடாமல் நிரப்ப வேண்டும். வெள்ளையாக விட்டால் மாற்றம் தெரியாது.

இரண்டு படத்துக்கும் ஏதாவது உறவு இருந்தால்தான் பார்ப்பவர் இன்னொரு முறை நடந்து பார்ப்பார். எங்கள் வகுப்பில் நன்றாக வந்தவற்றில் ஒன்று தூண்பாறை: இடப்பக்கம் பாறைகள் தெளிவாக, வலப்பக்கம் எல்லாம் மூடுபனி, கூடவே ஏமாந்த முகத்தோடு ஒரு சுற்றுலாக் குடும்பம். இன்னொன்று குறிஞ்சி. ஒரு பக்கம் பச்சை மலை, மறுபக்கம் நீல மலை. நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூப்பது, இங்கே 2018-ல் பூத்தது. இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அன்றைக்கு விவரம் தெரியாத சின்னக் குழந்தைகளாக இருந்திருப்பார்கள். அடுத்தது 2030-ல். அதனால் நீலப் பக்கத்தை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுத்தான் வரைந்தார்கள். ஒரு பாட்டி "நீலம் இல்லடி, கொஞ்சம் ஊதா கலந்திருக்கும்" என்று திருத்தி அனுப்பினாராம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எழுத்துப்படம். இடப்பக்கம் "மலை", வலப்பக்கம் "மழை". இரண்டு சொல்லையும் எழுதிப் பாருங்கள். முதலில் ம, அடுத்து ஐகாரக் கொம்பு, கடைசியில்தான் ல அல்லது ழ. முதல் நாலு துண்டுகள் இரண்டு தாளிலும் ஒரே மாதிரி இருக்கும், கடைசி இரண்டு மட்டும் மாறும். நடந்து வரும்போது சொல்லின் முன்பாதி அசையாமல் நிற்க, வால் மட்டும் மாறுவது கண்ணுக்கு வேடிக்கை. ல, ழ உச்சரிப்பு தடுமாறும் பிள்ளைகளை இதன் முன்னால் நடக்கவிட்டுப் படிக்கச் சொன்னேன், நாக்குப் பயிற்சியும் ஆயிற்று. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் லை-யைத் தும்பிக்கை போட்டு எழுதுவார்கள், ழை-க்கு அப்போதும் இதே கொம்புதான். எங்கள் தாத்தா காலத்து எழுத்தில் இந்த வித்தை இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

ஒரு பிள்ளை தப்பாக ஒட்டிவிட்டால் உரித்தெடுத்து மறுபடி ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். ஒரு பையன் காட்டுமாடு வரைந்திருந்தான். இங்கே பிள்ளைகளுக்குக் காட்டுமாடு புதிதல்ல, சில நாள் அது தேயிலைச் செடி ஓரம் நிற்பதால் பள்ளிக்கே தாமதமாக வருவார்கள். இடப்பக்கம் மாடு, வலப்பக்கம் காலியான பாதையும் ஓடுகிற ஒரு பையனும். மடித்துப் பார்த்தால் பாதை சரியாக இருந்தது. மாட்டுக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் வால் நின்றது, கொம்பு பின்னங்காலுக்குப் பக்கத்தில். இ வரிசையை 6-லிருந்து 1 வரை தலைகீழாக ஒட்டியிருக்கிறான்.

நான் உரிக்கப் போனேன். அவன் தடுத்துவிட்டு, படத்தைச் சுவரோரம் வைத்து, கண்ணாடியில் பார்த்தால் சரியாகிவிடுமா என்று கேட்டான். எனக்கே உடனே பதில் தெரியவில்லை. சத்துணவு அக்காவிடம் ஒரு கைக்கண்ணாடி வாங்கி வந்து பார்த்தோம். சரியாகவில்லை. கண்ணாடி துண்டுகளின் வரிசையைத் திருப்புகிறது, கூடவே ஒவ்வொரு துண்டுக்குள் இருக்கும் கோடுகளையும் திருப்பிவிடுகிறது. மாட்டின் தலை இடப்பக்கம் வந்தது உண்மை, ஆனால் மூக்கு கழுத்தைப் பார்த்தது. வரிசை மாறுவது வேறு, உருவம் திரும்புவது வேறு என்பதை அந்த ஒரு மாட்டை வைத்து வகுப்பு முழுக்கப் புரிந்துகொண்டது. அந்தப் படத்தை இன்னும் உரிக்கவில்லை.

மழைக்காலத்தில் தாள் தொய்ந்துபோகிறது. என்ன செய்வது?

கீழே ஒட்டன்சத்திரத்திலோ வத்தலக்குண்டிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே புரியாது. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வரும். தாள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி ஊறும். காலையில் கூர்மையாகப் போட்ட மடிப்பு மதியத்துக்குள் பழைய அப்பளம்போல நமுத்துவிடும்.

தாளைத் தகரப் பெட்டியில் மூடி வைத்து, வேலை தொடங்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். தண்ணீர் அதிகமுள்ள பசை வேண்டாம், மைதாக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினால்கூட ஈரநாளில் காயாமல் படுத்தும். குச்சிப் பசை நல்லது, விலைதான் கூட. நான் பெவிகாலை நீர் சேர்க்காமல், தீக்குச்சியால் ஓரங்களில் மட்டும் மெல்லியதாகத் தடவச் சொல்கிறேன். துண்டு முழுக்கப் பூசினால் தாள் சுருங்கி அலையடிக்கும். ஒட்டியதும் மேலே நாலு பாடப்புத்தகம் வைத்து ஒரு மணி நேரம் அழுத்திவிட்டு அப்புறம் மடிக்க வேண்டும்.

மடித்ததை அட்டையில் ஒட்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது, அட்டை அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கார்த்திகை மாதம் எதுவுமே காயாமல் போக, 28 படங்களையும் சத்துணவுக் கூடத்தில் அடுப்புக்கு எட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். நன்றாகக் காய்ந்தன. பொங்கல் வரை சாம்பார் வாசனையும் அடித்தது. ஸ்கெட்ச் பேனா இந்த ஈரத்தில் கசியும், கிரையான் கசியாது.

இதை யார் கண்டுபிடித்தது?

ஒருவர் என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளிலேயே மடிப்புப் பட்டைகளில் இரட்டைப் படம் தீட்டியிருக்கிறார்கள். அதற்கு லத்தீனில் தபுலா ஸ்கலாட்டா என்று பெயர், படிபோட்ட பலகை என்று சொல்லலாம். பூம்பாறைப் பிள்ளை சொன்னதைத்தான் அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் ராணி என்றெல்லாம் வரைவது வழக்கம்.

இந்தக் காலத்தில் இதைப் பெரிய கலையாகக் கொண்டுபோனவர் 1928-ல் பிறந்த இஸ்ரேல் கலைஞர் யாக்கோவ் ஆகாம். பார்ப்பவர் நகர நகர மாறும் ஓவியங்கள் அவருடையவை. அதனால் இந்த வகைத் தாள்வேலைக்கு இப்போது ஆகாமோகிராஃப் என்றே பெயர் வந்துவிட்டது. யூடியூபில் தேட இந்தப் பெயர்தான் உதவும். வகுப்பில் நாங்கள் இரட்டைப்படம் என்றுதான் சொல்கிறோம்.

நம் ஊரில் இதுபோல ஏதாவது உண்டா?

மடிப்புத் தாளில் இல்லை, கல்லில் உண்டு. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, ரிஷபகுஞ்சரம் என்று ஒரு சிற்பம் இருக்கிறது. ஒரே தலை, இரண்டு உடல். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் அது யானைத் தலை, மறுபக்கத்தை மறைத்தால் காளைத் தலை. காளையின் கொம்பாகத் தெரிந்ததே யானைக்குத் தந்தமாகிவிடும்.

இதைத் தாள் மடிப்புக்குக் கொண்டுவருவது எளிது. ஒரு தாளில் அந்த உருவத்தைப் பார்த்து வரைந்து, இரு ஓரங்களையும் கதவுபோல உள்பக்கம் மடித்தால் போதும். இடக்கதவை மூடினால் யானை, வலக்கதவை மூடினால் காளை. இதில் கண்ணை ஏமாற்றுவது ஒளியின் கோணம் இல்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து மூளை முடிவெடுப்பது. இரட்டைப்படத்துக்கும் இதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளிடமே கேளுங்கள், நாம் நினைப்பதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இரண்டு பீரியட் ஒதுக்க முடியாது. பத்து நிமிடத்தில் ஏதாவது?

இரண்டு சொல்கிறேன்.

முதலாவது, ஒரு விசிட்டிங் கார்டை நீளவாக்கில் நடுவில் மடித்து, கூரைபோல மேசையில் வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சற்று மேலிருந்து, கூரையின் முகட்டையே அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். திடீரென்று கூரை புரண்டு, விரித்த புத்தகம்போல உள்வாங்கித் தெரியும். அப்படித் தெரியும்போதே தலையை மெதுவாக இடவலமாக ஆட்டினால் அட்டையும் உயிர் வந்ததுபோலக் கூடவே ஆடும். நிழல் விழுந்த பக்கம் சாம்பல் பூசியதுபோல மாறும். எர்ன்ஸ்ட் மாக் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர் விவரித்தது இது, ஒரு பொருளின் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட மாக் எண் என்கிறோமே, அவரேதான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியாது. ஒரு மூலையிலிருந்து "ஐயோ" என்று சத்தம் வரும், பிறகு இன்னொரு மூலையிலிருந்து. தெரியாத பிள்ளையை அவசரப்படுத்த வேண்டாம்.

இரண்டாவது, 15-க்கு 10 சென்டிமீட்டர் அட்டை. நடுவே நீளவாக்கில் 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பென்சில் கோடு. மேல் விளிம்பில் 5, 10 சென்டிமீட்டர் இடங்களிலிருந்து நடுக்கோடு வரை இரண்டு வெட்டு. கீழ் விளிம்பில் 7.5-லிருந்து நடுக்கோடு வரை ஒரு வெட்டு. மேலே இரண்டு வெட்டுக்கும் நடுவில் உள்ள துண்டை நடுக்கோட்டில் நிமிர்த்தி மடித்துவிட்டு, அட்டையின் வலப்பாதியை மட்டும் முழுதாக ஒரு புரட்டுப் புரட்டுங்கள். நடுவில் ஒரு துண்டு செங்குத்தாக நிற்கும், அது எந்த ஓட்டையிலிருந்து எழுந்தது என்று பார்த்தால் கணக்கு உதைக்கும். செய்து முடித்ததை மேசையில் ஒட்டிவைத்துவிட்டு, ஒட்டு போடாமல் இதேபோல் செய்து காட்டச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் தலைமை ஆசிரியர் இரண்டு நாள் யோசித்தார்.

மூன்று படம் வைக்க முடியுமா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். ஒரு படத்தை வெட்டாமல் சமமாக ஒட்டிவிட்டு, அதன்மேல் 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 2 சென்டிமீட்டர் உயரத் தடுப்புகளை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். தடுப்பின் இடமுகத்தில் ஒரு படம், வலமுகத்தில் இன்னொன்று. நேரே பார்த்தால் அடிப்படம், பக்கவாட்டில் போனால் மற்ற இரண்டு. ஏழு, எட்டாம் வகுப்புக்குச் சரி. முதல் முயற்சியிலேயே இதற்குப் போய்விடாதீர்கள்.

சின்ன வகுப்புக்கு?

மூன்றாம் வகுப்பு என்றால் 4 சென்டிமீட்டர் பட்டை, படத்துக்கு மூன்று துண்டு. கோட்டை நீங்கள் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ள பிள்ளை இதைச் செய்ய முடியுமா? நிறக்குருடு இருந்தால்?

இரட்டைப்படத்துக்கு ஒரு கண் போதும், சொல்லப்போனால் ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் மாற்றம் இன்னும் துல்லியமாகத் தெரியும். மாக் அட்டைக்கு ஒரு கண்தான் வேண்டும், மற்றவர்கள் கையால் மூடிக்கொண்டு கஷ்டப்படும்போது அந்தப் பிள்ளைக்கு முதலில் தெரிந்துவிடும் வாய்ப்பு உண்டு. நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைகளுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியலாம், அதனால் நிறத்தைவிட இருட்டு வெளிச்ச வேறுபாட்டை நம்புங்கள். அடர்நீலமும் மஞ்சளும் எல்லோருக்கும் எடுப்பாகத் தெரியும்.

பார்வைக்கு வரும் அதிகாரி "இது எந்தப் பாடம்?" என்று கேட்டால்?

என்னிடம் கேட்டார்கள். கணக்கு நோட்டில் 11 மடிப்பும் கர்ணமும் இருந்தன, அறிவியல் நோட்டில் ஒளி நேர்கோட்டில் செல்வது இருந்தது, தமிழ் நோட்டில் மலையும் மழையும். மூன்றையும் மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சுவரில் இருந்த படத்தின் முன்னால் இரண்டு முறை அப்படியும் இப்படியும் நடந்தார். அதற்குமேல் கேட்கவில்லை.

முடித்த படங்களை எங்கே மாட்டுவது?

பெஞ்சுக்கு எதிரே உள்ள சுவரில் மாட்டாதீர்கள். உட்கார்ந்திருப்பவர் நகர மாட்டார், படமும் மாறாது. ஆள் நடக்கும் வழியில், பிள்ளைகளின் கண் உயரத்தில் வைக்க வேண்டும். ஜன்னல் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வெளிச்சம் படாத பக்கத்துப் பட்டைகள் மங்கும், அந்தப் பக்கத்துக்கு வெளிர் வண்ணப் படத்தைக் கொடுங்கள்.

நாங்கள் சத்துணவுக் கூடத்துக்குப் போகும் வராந்தாவில் வரிசையாக மாட்டியிருக்கிறோம். போகும்போது ஒரு வரிசைப் படம், தட்டைக் கழுவிக்கொண்டு திரும்பும்போது இன்னொரு வரிசை. ஒருவன் அதையே யோசித்து வரைந்திருக்கிறான்: போகிற பக்கம் தட்டு நிறையச் சோறு, மேலே ஒரு முட்டை. வருகிற பக்கம் வெறும் தட்டு, ஓரத்தில் ஒரே ஒரு கறிவேப்பிலை.